இருநூறு கிராம்

ஜூலை 1, செவ்வாய்

மையத்தைப் பூட்டிவிட்டு வந்தேன். பதினெட்டு வருஷத்தில் வேலை நாளில் பகலில் பூட்டியது இதுதான் முதல் தடவை.

சட்டசபையில் பட்ஜெட் நிறைவேறவில்லை. ஆளுக்கொரு பக்கம் எழுந்து போய்விட்டார்கள். அதனால் இன்றிலிருந்து கஜானாவில் கை வைக்க யாருக்கும் அதிகாரமில்லை என்று டிவியில் சொன்னார்கள். ஆஸ்பத்திரி, போலீஸ், குடிதண்ணீர், இந்த மூன்றும் சம்பளமில்லாமல் நடக்குமாம். மற்றவை எல்லாம் மறு உத்தரவு வரும்வரை மூடல். அங்கன்வாடி அந்த மற்றவையில் சேர்ந்தது.

பத்து மணிக்குத் தாலுகா ஆபீசிலிருந்து ஒருவர் வந்து இருப்பைச் சரிபார்த்தார். அரிசி பதினான்கு கிலோ, பருப்பு மூன்று கிலோ, முட்டை முப்பத்தெட்டு. எங்கள் ஆயா ரோஸ்லின் அக்கா, முட்டையை மட்டுமாவது பிள்ளைகளிடம் கொடுத்து அனுப்பிவிடலாமே என்றார். இருப்புக் கணக்கு இடிக்கும், கூடாது என்று சொன்னது வந்த ஆள் இல்லை. நான்தான் சொன்னேன். அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன்.

கதவில் சீல் வைப்பதற்குள் ரோஸ்லின் அக்கா ஓடிப்போய், எடைத் தராசின் கொக்கியில் மாட்டியிருந்த வெங்காயப் பையை அவிழ்த்துக்கொண்டார். அது அவர் காசில் வாங்கியது.

பத்தொன்பது பிள்ளைகளில் பதினெட்டுப் பேரை வீட்டிலிருந்து வந்து கூட்டிப்போனார்கள். தன்ஷிகா மட்டும் மிச்சம். அவளுக்கு மூன்று வயதாக இன்னும் இரண்டு மாதம். அம்மா சுகந்தி துறைமுகத்தில் இறால் உரிக்கிறாள். அப்பன் கேரளாவுக்குப் போனவன் போனவன்தான். நானே இடுப்பில் வைத்துத் தூக்கிக்கொண்டு துறைமுகம் வரை நடந்தேன். ஒன்றரை கிலோமீட்டர். கை மாற்றவே இல்லை.

மையத்துப் பதிவேடுகள் எல்லாம் உள்ளே மாட்டிக்கொண்டன. தினமும் எழுதிப் பழகிய கை சும்மா இருக்கவில்லை. டீத்தூள் கம்பெனிக்காரர் கொடுத்த டைரி ஒன்று வீட்டில் காலியாகக் கிடந்தது. அதில் எழுதுகிறேன்.

ஜூலை 2, புதன்

வீட்டில் இருந்தேன். இரண்டு முறை பெருக்கினேன்.

ஜூலை 4, வெள்ளி

என் வீட்டுக்காரருக்குத் தாலுகா ஆபீஸ் வாசலில் டீக்கடை. ஆபீசுக்குள் எண்பது பேர் இருந்தார்கள், வெளியில் பட்டாவுக்கும் சாதிச் சான்றிதழுக்கும் காத்துக்கிடப்பவர்கள் அதைவிட அதிகம். காத்துக்கிடக்கிற ஜனம்தான் டீ குடிக்கும். இன்று பாய்லரைப் பற்ற வைத்து பன்னிரண்டு டீ போயிருக்கிறது. அதில் மூன்று, கேட்டைக் காக்கிற போலீஸ்காரர் குடித்தது. அவரிடம் காசு வாங்கியதே கிடையாது. இப்போது அவருக்குச் சம்பளமும் இல்லை என்பதால் வடையும் சேர்த்துக் கொடுத்தாராம்.

மிஞ்சின பாலைக் கொண்டுவந்தார். தயிருக்கு உறை ஊற்றினேன்.

ஜூலை 7, திங்கள்

மாதத்தின் முதல் திங்கள் எடை நாள். பிள்ளைகளின் எடையைச் செல்போனில் பதிந்தால் அது நிறம் காட்டும். வயதுக்கேற்ற எடை என்றால் பச்சை. குறைந்தால் மஞ்சள். ரொம்பக் குறைந்தால் சிவப்பு. சிவப்பு வந்தால் மேலிடத்திலிருந்து கேள்வி வரும், கூட்டத்தில் எழுந்து நிற்கச் சொல்வார்கள்.

கை தானாகப் போனை எடுத்துத் திறந்தது. தளம் தற்காலிகமாக மூடப்பட்டுள்ளது என்று வந்தது. பத்தொன்பது பேருக்கும் பதிய எனக்குப் பத்து நிமிஷம் போதும். மற்ற மையங்களில் முழு நாள் பிடிக்கிறது என்று டீச்சர்கள் புலம்புவார்கள்.

போன மார்ச்சில் எங்களுக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். சிவப்பில்லா மையம். பெரிய அதிகாரி கையெழுத்து, தங்க நிற ஓரம். மையத்துச் சுவரில் மாட்டியிருக்கிறது. சீல் வைத்த கதவுக்குப் பின்னால் அது யாருக்குத் தெரியப்போகிறது.

ஜூலை 12, சனி

துறைமுகம் படுத்துவிட்டது. படகு கடலுக்குப் போக மீன்வளத்துறை ஆபீசில் டோக்கன் வாங்க வேண்டும். டோக்கன் கொடுக்க ஆள் இல்லை. டோக்கன் இல்லாமல் டீசல் இல்லை. ஐஸ் ஆலை அரசாங்கத்துடையது, அதற்கும் பூட்டு. தடைக்காலம் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, மறுபடியும் எல்லாப் படகும் கரையில் கட்டிக்கிடக்கிறது. கடலில் மீன் இருக்கிறது, கரையில் ஆள் இருக்கிறது, நடுவில் ஒரு துண்டுச் சீட்டு இல்லை.

சுகந்திக்கு வேலை நின்று ஐந்து நாளாகிறது. இறால் வராமல் எதை உரிப்பது. ரோஸ்லின் அக்கா சொல்லித் தெரிந்துகொண்டேன்.

ஜூலை 17, வியாழன்

மையத்துப் பக்கமாகப் போனேன். வேலை ஒன்றுமில்லை, சும்மாதான் போனேன். பத்தடி தள்ளியே நாற்றம் வந்தது. முட்டைகள். முதல் நாளே கொடுத்திருந்தால் ஆளுக்கு இரண்டு வந்திருக்கும். பக்கத்து வீட்டுக்காரர்கள் உள்ளே ஏதோ செத்துக்கிடக்கிறது என்று போலீசுக்குச் சொல்லப்போனார்களாம். முட்டை என்று சொல்லி சமாதானப்படுத்தினேன்.

ஜூலை 21, திங்கள்

சுகந்தி வீட்டுக்கு வந்தாள். மையத்தில் காலையில் சத்துமாவுக் கஞ்சி, மதியம் சாம்பார் சாதம், வாரத்தில் மூன்று நாள் முட்டை. பிள்ளைக்கு உருப்படியான சாப்பாடு அதுதான் என்று எனக்கும் தெரியும். எப்போது திறப்பீர்கள் என்று கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும் என்றேன்.

"பதினோரு மணி ஆனா தட்டத் தூக்கிட்டு வாசப்படியில போயி உக்காந்துடுறா டீச்சர். எதுத்த வூட்டுல எல்லாம் பாக்குறாங்க."

பக்கத்து வீட்டார் பார்ப்பதுதான் அவளுக்குப் பெரிய வெட்கமாக இருந்தது. குழந்தை அவள் தோளில் சாய்ந்து கிடந்தது. என்னைப் பார்த்தால் பாட்டுப் பாடச் சொல்லும் பிள்ளை, தலையைத் தூக்கவில்லை. கொஞ்சம் அரிசியும் பொட்டுக்கடலையும் கொடுத்தேன். சுகந்தி வாங்கத் தயங்கினாள். பிறகு வாங்கிக்கொண்டாள்.

ஜூலை 26, சனி

கடையை மூடிவிட்டார். பாய்லரைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிலுக்கு அடியில் தள்ளினார். கல்யாண மண்டபத்தில் பரிமாறப் போகலாம் என்றால் ஆடி மாதம், கல்யாணமும் இல்லை. அரசாங்கம் நல்ல மாதம் பார்த்துத்தான் மூடியிருக்கிறது என்று சொன்னார். சிரித்திருக்க வேண்டும். இரண்டு பேருக்கும் வரவில்லை.

ஜூலை 30, புதன்

சூப்பர்வைசர் ஹேமாவதி மேடத்திடமிருந்து வாட்ஸ்அப் வந்தது. பெரியாஸ்பத்திரிக்கு வேறு நிதியிலிருந்து சத்து உணவு வந்திருக்கிறதாம். தளத்தில் ஜூன் மாதப் பதிவில் சிவப்பாக உள்ள குழந்தைகளுக்கு மட்டும் வீட்டுக்கே பொட்டலம் வரும். தேவைப்பட்டால் வார்டில் சேர்த்துக்கொள்வார்கள். கீழே மையவாரியாகப் பட்டியல். எங்கள் ஊருக்கு நேராக 0.

சற்று நேரத்தில் அவரே போன் செய்தார். உங்களுக்கு அலைச்சல் மிச்சம் தவமணி, மற்ற மையத்தில் எல்லாம் பொட்டலம் சுமந்து அலைகிறார்கள் என்றார். ஆமாம் மேடம் என்றேன்.

கத்தரிக்காய் வாங்கினேன். பாதி சொத்தை.

ஜூலை 31, வியாழன்

இதை எங்காவது எழுதித்தான் ஆக வேண்டும்.

போன வருஷம் ஜூன் எடை நாள் முடிந்த மறுநாள் தராசின் ஸ்பிரிங் அறுந்தது. எதை மாட்டினாலும் முள் பன்னிரண்டில் போய் நின்றது. வேறு தராசு கேட்டு மனு கொடுத்தேன். ஐந்து மனு. ஐந்துக்கும் நகல் வைத்திருக்கிறேன். ஜூலை எடை நாளில், தராசு இல்லாமல் எப்படிப் போடுவது என்று மேடத்தைக் கேட்டேன். கட்டத்தைக் காலியாக விடாதீர்கள், எங்கள் பிளாக் முழுக்கக் காலியாகத் தெரியும், பார்த்துப் போடுங்கள் என்றார்.

பார்த்துப் போட்டேன். இந்த வயதுப் பிள்ளை மாதத்துக்குச் சுமார் இருநூறு கிராம் ஏறும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். போன மாத எடையோடு இருநூறு கூட்டினேன். அடுத்த மாதமும் கூட்டினேன். பிறகு அது பழகிவிட்டது. காய்ச்சலில் பத்து நாள் வராத பிள்ளைக்கும் இருநூறு. சில மாதம் என் வீட்டுக்காரர் பெயரைப் படிப்பார், நான் எண்ணைத் தட்டுவேன். காபி ஆறுவதற்குள் முடிந்துவிடும். பதிவில் ஒருத்தரும் இளைக்கவில்லை. ஒருத்தரும் நோயில் விழவில்லை. மார்ச்சில் சான்றிதழ் கொடுத்தார்கள். மேடை ஏறி வாங்கினேன், மகளுக்குப் போட்டோவும் அனுப்பினேன்.

தன்ஷிகா போன ஜூனில் ஒன்பது கிலோ. இந்த ஜூனில் பதினொன்று நானூறு. பச்சை.

அடுத்த வருஷம் நிரந்தரம் ஆக்கும் பட்டியலில் என் பெயர் இருக்கிறது.

ஆகஸ்ட் 2, சனி

துறைமுகத்துக்குப் போய் மீன் ஏலக்காரரிடம் தராசு கேட்டேன். எலக்ட்ரானிக் தராசு, மேலே பிளாஸ்டிக் கூடை. மீனே இல்லை, தூசி துடைத்து வைத்திருக்கிறேன், எடுத்துக்கோங்க என்றார். எதற்கு என்று கேட்டார். பிள்ளைகளை எடை போட என்றேன். உங்கள் மையத்தில் தராசு இல்லையா என்று கேட்டார். சீல் வைத்துவிட்டார்கள் என்றேன். அது பொய்யும் இல்லை.

ரோஸ்லின் அக்கா கூடையைக் கழுவித் துணி விரித்தார். ஐந்து வீட்டுக்குத்தான் போக முடிந்தது. மூன்று பேர் மஞ்சளில் வருவார்கள். ஒருத்தன் சிவப்பு, நூலிழையில்.

தன்ஷிகா 8.700.

இறக்கிவிட்டு மறுபடியும் வைத்தேன். அதே எண். புறங்காலை அழுத்திப் பார்த்தேன், விரல் பட்ட இடம் குழிந்து அப்படியே நின்றது. ரோஸ்லின் அக்கா என்னைப் பார்க்காமல் துணியை மடித்தார். அவருக்குத் தெரியும். ஒரு வருஷமாக அந்தக் கொக்கியில் வெங்காயம் மாட்டியவர் அவர்தானே.

திங்களன்று ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று சுகந்தியிடம் சொன்னேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

பஸ் ஓடவில்லை. ஷேர் ஆட்டோ. பிள்ளை வழியெல்லாம் தூங்கியது.

டாக்டர் நஸ்ரின், சின்ன வயசு. இரண்டு நாளாக டூட்டியிலேயே இருக்கிறாராம், மாற்றுக்கு வர வேண்டியவர் பெட்ரோல் போடக் காசில்லாமல் ஊரில் நிற்கிறாராம். குழந்தையைப் பார்த்ததும் பட்டியல் எல்லாம் கேட்கவில்லை, உடனே வார்டில் சேர்த்துக்கொண்டார். நான் ஐந்து நாளாகப் பயந்தது அந்தப் பட்டியலுக்குத்தான்.

பிறகு போன எடை என்ன என்று கேட்டார். ஜூன் பக்கத்தைப் படம் எடுத்து வைத்திருந்தேன். போனை நீட்டினேன். அவர் இரண்டு முறை பார்த்தார்.

"ஜூன்ல பதினொன்னு நானூறா? இது ரெண்டு மாசத்துல ரெண்டே முக்கா கிலோ கொறஞ்சிருக்கு. வெறும் பசின்னா இவ்ளோ வேகமா எறங்காது. உள்ள வேற ஏதோ இருக்கு."

சுகந்தியிடம் திரும்பி, இந்த இரண்டு மாதத்தில் பிள்ளைக்கு என்ன கொடுத்தாய், எதையாவது மறைக்கிறாயா என்று கேட்டார். சுகந்தி ஒவ்வொரு வேளையாகச் சொல்லத் தொடங்கினாள். நான் போனைப் பைக்குள் வைத்தேன். சொல்வதற்கு அதுதான் நேரம். தெரிந்துதான் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

ஆகஸ்ட் 6, புதன்

வார்டுக்கு ஒரு கட்சிக்காரர் வந்தார், கூடவே கேமராக்காரர். மூடலால் பாதிக்கப்பட்ட குழந்தை யார் என்று விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். நர்ஸ் என்னைக் காட்டினார். ஜூன் பதிவைக் காட்டச் சொன்னார்கள். காட்டினேன். அதைப் படம் எடுத்துக்கொண்டார்கள். உங்களைப் போன்றவர்களால்தான் டீச்சர் உண்மை வெளியே வருகிறது என்று அந்தக் கட்சிக்காரர் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

முதல் பக்கத்தில் வந்துவிட்டது. "அரசு மூடல்: 2 கிலோ 700 கிராம் இழந்த குழந்தை." சுகந்தியின் முகம், மடியில் பிள்ளை, ஓரத்தில் என் கை. டிவியிலும் அந்த எண்தான். ஒருத்தர் இரண்டே முக்கால் என்கிறார், ஒருத்தர் மூன்று என்கிறார்.

என் வீட்டுக்காரர் பேப்பரை நாலாக மடித்துச் சாமி மாடத்தில் வைத்தார். இந்த ஒரு எண்ணே கஜானாவைத் திறந்துவிடும் போலிருக்கிறது என்றார். அந்த எண்ணில் பாதி அவர் பெயரைப் படிக்க நான் தட்டியது என்பது அவருக்கு ஞாபகம் இருந்ததா என்று தெரியவில்லை. நான் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 9, சனி

காசநோய் இருக்கிறதா என்று பார்க்க, காலையில் வெறும் வயிற்றில் மூக்கு வழியாகக் குழாய் விட்டு வயிற்றுத் தண்ணீரை எடுக்கிறார்கள். இன்று இரண்டாவது நாள். நான் கையைப் பிடித்துக்கொண்டேன், சுகந்தி காலைப் பிடித்துக்கொண்டாள். அழக்கூடப் பிள்ளைக்குத் தெம்பில்லை. நேற்றைய குழாயில் ஒன்றுமில்லை என்றார்கள். எக்ஸ்ரேயிலும் ஒன்றுமில்லை. நோய் எதுவும் அகப்படவில்லை என்பதால் டாக்டர் இன்னும் கவலையாக இருக்கிறார்.

வயிற்றுக்குள் கட்டியாக இருக்கலாமாம். செவ்வாய்க்கிழமை காலை ஆம்புலன்சில் நகரத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, மயக்க மருந்து கொடுத்து ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றார். இவ்வளவு மெலிந்த பிள்ளைக்கு மயக்க மருந்து ஆபத்துதான், ஆனால் வேறு வழி தெரியவில்லை என்று சொல்லிக் கையெழுத்துக் கேட்டார். சுகந்தி போட்டாள். படித்துக் காட்டவா என்று கேட்டேன், வேண்டாம் என்றாள்.

வராந்தாவில் உட்கார்ந்து சொன்னாள்.

"ரெண்டு மாசத்துல ரெண்டே முக்கா கிலோவ கரைச்சுப்புட்டேனே டீச்சர். நீங்க வளத்துக் குடுத்த புள்ளைய."

அந்த வார்த்தையைக் கேட்டபோது எனக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் கெட்டவள் என்று இந்த வீட்டில் யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

எழுத ஒன்றுமில்லை. துணி துவைத்தேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

காலையில் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன், டாக்டரிடம் சொல்லப்போகிறேன் என்று. அவர் டிவியைக் காட்டினார். சட்டசபையில் இரு தரப்பும் பேசிவிட்டார்களாம், புதன்கிழமை பட்ஜெட் நிறைவேறிவிடுமாம்.

"ரெண்டு நாள் பொறு தவமணி. இப்ப போயி அது பொய்க்கணக்குன்னு சொன்னா அத்தனையும் பொய்யின்னு ஆக்கிப்புடுவானுவ. ஊரே பட்டினி கெடக்குறது பொய்யா?"

பொய் இல்லைதான். ஏழெட்டு வீட்டில் இப்போது ஒருவேளைச் சாப்பாடு. அது நிஜம். ஆனால் புதன் வரை பொறுத்தால் செவ்வாய் வந்துவிடும். ஊருக்குப் புதன்கிழமை, பிள்ளைக்குச் செவ்வாய்க்கிழமை. அதற்கு மேல் யோசிக்கத் தெரியவில்லை. கிளம்பினேன்.

டாக்டர் வார்டில்தான் இருந்தார். தனியாகப் பேச வேண்டும் என்று சொல்லியிருக்கலாம். சொல்லத் தோன்றவில்லை. பக்கத்தில் சுகந்தி பிள்ளைக்குச் சங்கில் பால் புகட்டிக்கொண்டிருந்தாள்.

"டாக்டர், ஜூன் மாச எடைன்னு காட்டுனேன்ல, அது நிறுத்துப் போட்டது இல்ல."

"பின்ன?"

"தராசு ஒடஞ்சிபோச்சு. மாசத்துக்கு இருநூறு கூட்டிப் போட்டேன். ஒரு வருஷமா."

அவர் கேஸ் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். உண்மையில் கடைசியாக எப்போது எடை போட்டீர்கள் என்று கேட்டார். போன வருஷம் ஜூன், ஒன்பது கிலோ என்றேன். அப்படியென்றால் இது இரண்டு மாதத்தில் இறங்கியது இல்லை, ஒரு வருஷமாக ஏறவே இல்லை, கடைசியில் இந்த மூடல் அடித்துப் போட்டிருக்கிறது என்று தனக்குத்தானே சொல்வதுபோல் சொன்னார். நான் தேடிக்கொண்டிருந்தது வேறு நோய் என்றார். நாளைய ஆம்புலன்சை நிறுத்தச் சொல்லி நர்சிடம் சொன்னார். மயக்க மருந்து வேண்டாம், பாலின் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பார்ப்போம் என்றார். திட்டவில்லை. நீங்கள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், கையெழுத்துப் போடுங்கள் என்றார். போட்டேன்.

எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். பத்தொன்பது என்றேன். அப்போதுதான் அவர் பேனாவை மேசையில் வைத்தார்.

சுகந்தி சங்கைக் கீழே வைக்கவில்லை. கத்துவாள், அடிப்பாள் என்றெல்லாம் வழி முழுக்க நினைத்துக்கொண்டு வந்தேன். எதற்கும் தயாராகத்தான் இருந்தேன்.

"அப்ப எப்பலேர்ந்து எளைக்கிறா டீச்சர்?"

தெரியவில்லை சுகந்தி என்றேன்.

"தையிலயா? பங்குனியிலயா? தையில நான் நல்லா வேலைக்குப் போயிக்கிட்டு இருந்தேன். முட்டை கூட வாங்கிருக்கலாம். நீங்கதான் பச்சைன்னு சொன்னீங்க."

"எனக்குத் தெரியாது."

பிள்ளையின் வாயைத் துடைத்துவிட்டு எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். பன்னிரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டு எண் எழுதியிருக்கிறேன். ஒன்றுகூட அவளிடம் சொல்ல உதவவில்லை.

ஆகஸ்ட் 13, புதன்

பட்ஜெட் நிறைவேறியது. தெருவில் வெடி போட்டார்கள். அந்த 2.700 இன்றும் டிவியில் ஓடியது. நான் சொன்னது எந்தப் பேப்பரிலும் வரவில்லை. பாய்லரைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்துப் புளி போட்டுத் தேய்த்துக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

மையம் திறந்தோம். முட்டைகளைப் புதைத்தோம். அரிசியில் வண்டு. ரோஸ்லின் அக்காவும் நானும் பினாயில் போட்டு நான்கு முறை கழுவியும் வாடை போகவில்லை.

ஹேமாவதி மேடம் வந்தார். என் கையில் மெமோ கொடுத்தார். பொய்ப் பதிவு செய்ததற்கு ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது என்று பதினைந்து நாளில் விளக்கம் தர வேண்டும். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாமே தவமணி, என் பெயரையும் இழுப்பீர்களா என்று மெதுவாகக் கேட்டார். நீங்கள் சொன்னதை எழுதுவேன், நான் செய்ததையும் எழுதுவேன் என்றேன். ஐந்து மனுவின் நகலையும் சேர்த்து வைக்கப்போகிறேன். வேலை போகும் என்றுதான் நினைக்கிறேன். அதை நினைத்தால் பயம் வரவேண்டும். களைப்புத்தான் வருகிறது.

ஆகஸ்ட் 30, சனி

தன்ஷிகாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். என்னிடம் யாரும் சொல்லவில்லை. தெருவில் பார்த்தேன்.

செப்டம்பர் 1, திங்கள்

எடை நாள். பேப்பரில் பெயர் வந்த மையம் என்பதால் எங்களுக்கு மட்டும் புது எடை இயந்திரம் வந்திருந்தது. விளக்கத்தை வெள்ளிக்கிழமையே அனுப்பிவிட்டேன். பதில் வரும்வரை வேலை பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

எட்டரைக்கெல்லாம் பெண்கள் வந்து நின்றார்கள். வழக்கமாகப் பிள்ளையை வாசலில் விட்டுவிட்டு ஓடுகிறவர்கள், இன்று ஒருத்தியும் போகவில்லை. முதலில் நின்றது சுகந்தி. வாங்க என்றேன். குழந்தையை வாங்கக் கை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை. தானே பிள்ளையின் செருப்பைக் கழற்றிவிட்டு, சட்டையைக் கழற்றிவிட்டு, அவளை இயந்திரத்தில் நிற்க வைத்தாள். எண் ஓடி நிற்கும்வரை குனிந்து பார்த்தாள்.

"ஒம்போது, ஐநூத்தம்பது. எழுதுங்க டீச்சர்."

போனில் பதிந்தேன். சிவப்பு வந்தது. திருப்பிக் காட்டச் சொன்னாள், காட்டினேன். அதற்குப் பிறகு இடுப்பிலிருந்து நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்தாள். அட்டையில் தன்ஷிகா என்று யாரையோ விட்டு எழுதி வாங்கியிருந்தாள். முதல் பக்கத்தைத் திறந்து என் முன்னால் வைத்தாள்.

"இதுலயும் எழுதி கையெழுத்துப் போடுங்க. இனிமே மாசாமாசம் எங்கிட்டயும் இருக்கட்டும்."

தேதி, எடை, நிறம் மூன்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவள் மை காயும்வரை ஊதிவிட்டு நோட்டை மூடினாள். தன்ஷிகாவை உள்ளே விட்டாள், வேலைக்குப் போனாள். அடுத்த பெண் வந்தாள். அவள் கையிலும் நோட்டு இருந்தது. நிமிர்ந்து பார்த்தேன், வரிசையில் எல்லார் கையிலும் இருந்தது.

பத்தொன்பது நோட்டிலும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.